கொட்டகையில் தொங்கும் சிவப்புக் கயிறு

எங்கள் தெருவில் 22 வீடுகள். ஏழு ஆண்டுகள் குடியிருந்தும், 2020 ஆகஸ்ட் வரை எனக்குப் பெயர் தெரிந்தவர்கள் மூன்று வீட்டார் மட்டும்தான். மற்றவர்களைப் பார்த்தால் கையசைப்பேன், அவர்களும் கையசைப்பார்கள். அதற்கு மேல் எதுவும் தேவைப்பட்டதில்லை. கொரோனா தொற்று வந்தபின் அந்தக் கையசைப்பும் குறைந்தது. மார்ச் 19ஆம் தேதி கலிஃபோர்னியா முழுவதும் வீட்டிலேயே இருக்கும்படி ஆணை பிறந்தது. எதிரே ஆள் வந்தால் தெருவைக் கடந்து மறுபக்கம் போய்விடுவதுதான் மரியாதை என்றானது. விலகியிருப்பதுதான் நாம் பிறருக்குச் செய்யும் உதவி என்று ஐந்து மாதம் பழகிக்கொண்டோம்.

அந்தப் பழக்கத்தின் நடுவில்தான் நெருப்பு வந்தது.

ஆகஸ்ட் 16, ஞாயிற்றுக்கிழமை, இன்னும் விடியவில்லை. இடிச் சத்தத்தில் எல்லோரும் விழித்துக்கொண்டோம். வட கலிஃபோர்னியாவில் கோடையில் மழையும் கிடையாது, இடியும் அபூர்வம். பிள்ளைகள் ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மழை வரும், மண்வாசனை வரும் என்று நானும் நின்றேன். வரவில்லை. வந்தது வறட்டு மின்னல். அடுத்த சில நாள்களில் 10,000க்கும் மேற்பட்ட மின்னல்கள் விழுந்து நூற்றுக்கணக்கான இடங்களில் தீப்பற்றியது. சான்டா குரூஸ் மலைகளில் பல தீக்கள் ஒன்றுசேர்ந்து, 1902இல் அமைந்த பிக் பேசின் பூங்காவின் செம்மரங்களுக்குள் புகுந்தன.

மூன்றாம் நாள் காலை காரின் கண்ணாடியில் சாம்பல் படிந்திருந்தது. அதில் ஒரு முழு இலை. எரிந்து கறுத்திருந்தாலும் நடுநரம்பும் கிளைநரம்புகளும் அப்படியே தெரிந்தன. விரலால் தொட்டேன், பொடிந்துவிட்டது. எங்கோ மலைமேல் எரிந்தது இங்கே வந்து விழுகிறது என்றால், எரிந்துகொண்டிருப்பதும் இங்கே வந்து விழலாம் என்று அப்போதுதான் உறைத்தது. காட்டுத்தீயில் வீடுகள் பெரும்பாலும் நெருப்புச் சுவர் வந்து மோதி எரிவதில்லை. காற்றில் பறந்து வரும் கங்குகள் கூரைத் தாழ்வாரத்தின் சருகிலும், சுவரையொட்டிய காய்ந்த செடியிலும் உட்கார்ந்து எரிக்கின்றன. அன்று மாலை என் கணவர் ஏணி போட்டுக் கூரைவிளிம்புத் தகரத்தில் கிடந்த சருகை எல்லாம் அள்ளினார். அடுத்த வீட்டுக் கூரையிலும் அதே அளவு சருகு கிடந்தது. அவர்கள் கூரை எரிந்தால் எங்கள் கூரை தப்பாது. அவர்களிடம் போய்ச் சொல்ல எனக்குப் பெயர்கூடத் தெரியவில்லை.

முதலில் குழம்பியது ஜன்னல் விஷயத்தில். தொற்றுக்காகப் படித்ததெல்லாம் ஜன்னலைத் திற, காற்று ஓடட்டும் என்றது. புகைக்காகப் படித்ததெல்லாம் ஜன்னலை அடை, விரிசலுக்கு ஈரத்துணி வை என்றது. இரண்டுமே சரியான அறிவுரை. தொற்றுக்கிருமி மூடிய அறையில் தேங்கும். புகையில் இருக்கும் பி.எம். 2.5 என்ற நுண்துகள், நம் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாதது, நுரையீரலின் அடிவரை இறங்கும். காற்றுத் தரக் குறியீடு 150ஐத் தாண்டினால் எல்லோருக்கும் கேடு, 300ஐத் தாண்டினால் பேராபத்து. அந்த வாரம் குறியீட்டைப் பார்க்காமல் நாங்கள் கதவைத் திறந்ததில்லை. எண் இறங்கும் நேரம் பார்த்து, நள்ளிரவானாலும் எழுந்து எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டு அரைமணி கழித்து மூடுவோம். வீட்டில் இருந்த சதுர மின்விசிறியின் பின்புறம் ஒரு தடித்த வடிகட்டியை ஒட்டுநாடாவால் ஒட்டினோம். நான்கு நாளில் வெள்ளை வடிகட்டி தேயிலை நிறத்துக்கு மாறியது. அந்த நிறத்தைப் பார்த்தபின் பிள்ளைகள் வெளியே விளையாடப் போகிறேன் என்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

முகக்கவசத்திலும் இதே முடிச்சுதான். துணிக் கவசம் நம் எச்சில் துளி பிறர்மேல் தெறிக்காமல் காக்கும், புகையின் நுண்துகளைத் தடுக்காது. புகைக்கு நுண்துகளையும் வடிகட்டும் என்95 கவசம் வேண்டும். 2018 நவம்பரில் வட கலிஃபோர்னியாவின் பாரடைஸ் நகரம் காட்டுத்தீயில் எரிந்து 85 பேர் இறந்தபோது எங்கள் ஊர்வரை வந்த புகைக்காக ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தோம். 2020 மார்ச்சில் மருத்துவமனைகளில் கவசம் இல்லை என்று செய்தி வந்ததும் பெட்டியோடு கொடுத்துவிட்டோம். எத்தனையோ குடும்பங்கள் அப்படிக் கொடுத்தன. அதற்காக இன்றும் வருந்தவில்லை. ஆனால் ஆகஸ்டில் ஒன்றுகூட வாங்கக் கிடைக்கவில்லை. அலமாரியின் அடியில் இரண்டு கிடைத்தன, இரண்டிலும் முன்பக்கம் வால்வு. வால்வு வைத்த கவசம் உள்ளே வரும் காற்றை வடிகட்டும், வெளியே போகும் மூச்சை வடிகட்டாமல் விட்டுவிடும். போட்டுக்கொள்பவர் புகையிலிருந்து தப்பிப்பார், எதிரே நிற்பவர் தொற்றிலிருந்து தப்ப மாட்டார்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு ஆபத்துக்குச் செய்யும் காப்பு இன்னொரு ஆபத்துக்கு வாசல் திறக்கும் காலத்தில், ஒரு வீடு தனக்குள்ளேயே யோசித்துப் பாதுகாப்பாக இருந்துவிட முடியாது. என் கவசம் எதிரே நிற்பவரின் நுரையீரலைப் பொறுத்தது. அவர் நுரையீரல் எப்படி என்று தெரிந்துகொள்ள ஏழு ஆண்டுகளில் நான் ஒருநாளும் முயலவில்லை.

ஆகஸ்ட் 20ஆம் தேதி இரவு பக்கத்து மலைப்பகுதிக்கு வெளியேறும் எச்சரிக்கை வந்தது. இங்கே இரண்டு நிலை உண்டு. எச்சரிக்கை என்றால் மூட்டை கட்டித் தயாராக இரு, முதியவர்களும் நோயாளிகளும் இப்போதே கிளம்பலாம் என்று பொருள். ஆணை என்றால் அந்த நிமிடமே போக வேண்டும். எச்சரிக்கை எங்கள் தெருவுக்கு இல்லை, ஆனால் அதிக தூரத்திலும் இல்லை. நான் வாசலில் நின்று 22 வீட்டு விளக்குகளையும் பார்த்தேன். இப்போது ஆணை வந்தால் இதில் யார் தூங்கிக்கொண்டே இருப்பார்கள் என்று ஒரு கேள்வி. பாரடைஸில் இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். அங்கே பலருக்கு எச்சரிக்கைச் செய்தி போய்ச் சேரவே இல்லை. அலைபரப்பும் கோபுரம் எரிந்தால் கைப்பேசி ஊமையாகிவிடும். அப்போது மிச்சம் இருப்பது கதவைத் தட்டும் கை மட்டும்.

மறுநாள் காலை ஒரு காகிதத்தில் 22 கட்டம் போட்டேன். வால்வு வைத்த கவசத்தின்மேல் துணிக் கவசத்தையும் போட்டுக்கொண்டேன், இரண்டு ஆபத்துக்கும் சேர்த்து. ஒவ்வொரு வாசலாகப் போய் அழைப்புமணியை அழுத்திவிட்டு ஆறடி பின்னால் வந்து நின்றேன். கேட்டது சில கேள்விகள்தான். இரவில் கார் ஓட்ட முடியாதவர் யாராவது இருக்கிறார்களா? மின்சாரம் இல்லாவிட்டால் நின்றுவிடும் மருத்துவக் கருவி உண்டா? காரில் இடம் மிச்சம் இருக்கிறதா? தூங்கும்போது ஆணை வந்தால் எந்த ஜன்னலைத் தட்ட வேண்டும்?

தெரியாதவர் வாசலில் நின்று இதையெல்லாம் கேட்கத் தயக்கமாகத்தான் இருந்தது. ஒரு வீட்டில் சொல்ல மாட்டோம் என்றார்கள், அது அவர்கள் உரிமை. மற்ற எல்லோரும், உண்மையாகச் சொல்கிறேன், இதைக் கேட்க யாராவது வரமாட்டார்களா என்று காத்திருந்தவர்கள் போலப் பேசினார்கள். மூலைவீட்டுப் பெண் செவிலியர், தொற்று வார்டில் வேலை. வீட்டாருக்குத் தொற்றிவிடக் கூடாது என்று நான்கு மாதமாகக் கார் கொட்டகையில் கட்டில் போட்டுப் படுக்கிறார். கொட்டகையில் ஏது காற்று வடிகட்டி? இரவெல்லாம் புகையில் படுத்திருந்துவிட்டுக் காலையில் மூச்சுத்திணறும் நோயாளிகளைப் பார்க்கப் போகிறார். எங்கள் வீட்டில் இரண்டாவதாகச் செய்த விசிறி அன்று மாலையே அவருக்குப் போனது.

பதினேழாம் எண் வீட்டில் யாரும் கதவைத் திறக்கவில்லை. கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. “எங்கள் நால்வருக்கும் தொற்று உறுதியாகியிருக்கிறது. தயவுசெய்து அருகில் வராதீர்கள். ஆனால் வெளியேறச் சொன்னால் எங்களிடம் சொல்லாமல் போய்விடாதீர்கள்.” கீழே ஒரு தொலைபேசி எண்.

அந்த வாசலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அந்தக் குடும்பம் இதை எழுதி ஒட்டுவதற்கு முன் எவ்வளவு யோசித்திருக்கும்! தொற்று வந்ததை மறைத்தவர்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ பேர். சொன்னால் ஒதுக்குவார்கள் என்ற பயம் வீணானதும் அல்ல. இவர்கள் சொன்னார்கள், சொல்லிவிட்டு உதவியும் கேட்டார்கள். உடனே அந்த எண்ணுக்கு அழைத்தேன். அவர்களிடம் சொந்தக் கார் இருந்தது. போகும் இடம்தான் கவலை. வழக்கமாகத் தீக்காலத்தில் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் நூறு கட்டில் போட்டு எல்லோரையும் தங்கவைப்பார்கள். அந்த ஆண்டு செஞ்சிலுவைச் சங்கமும் மாவட்ட நிர்வாகங்களும் முடிந்தவரை ஓட்டல் அறைகளில் குடும்பம் குடும்பமாகத் தங்கவைத்தன. கூடம் திறந்த இடங்களில் கட்டில்களை விலக்கிப் போட்டு, வாசலில் காய்ச்சல் பார்த்து உள்ளே விட்டார்கள். கூட்டத்துக்குப் பயந்து வண்டி நிறுத்துமிடத்திலேயே காருக்குள் படுத்தவர்களும் இருந்தார்கள். தொற்று உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் தனி அறை தருவோம் என்று மாவட்டத் தொலைபேசியில் அவர்களுக்குச் சொன்னார்கள். “நாங்கள் உங்கள் வாசலில் மூன்று முறை ஹாரன் அடிப்போம், நீங்கள் விளக்கை ஒரு முறை போட்டு அணையுங்கள், அதன்பிறகுதான் நகர்வோம்” என்று பேசிவைத்துக்கொண்டோம்.

எதிர்வீட்டுப் பெரியவரைக் கடைசிக்கு வைத்திருந்தேன், நெடுநேரம் பேசுவார் என்று தெரிந்ததால். வயது 81. மூக்கில் மெல்லிய குழாய். அதன் மறுமுனை கூடத்தில் இருந்த ஆக்சிஜன் செறிவூட்டியில். அது சுவரிலிருந்து மின்சாரம் எடுக்கிறது. கையிருப்பில் ஒரு சிறு ஆக்சிஜன் உருளை, சில மணி நேரத்துக்கு வரும். கண்புரையால் இரவில் கார் ஓட்ட மாட்டார். மனைவி போன பின் தனியாக இருக்கிறார். இத்தனையும் எங்கள் வாசலிலிருந்து நாற்பதடி தூரத்தில்.

எங்கள் காரில் ஏற்றிக்கொள்வோம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும்தான் அதன் சிக்கல் புரிந்தது. நாங்கள் நான்கு பேர், காரில் ஐந்து இருக்கை. வெளியே புகை, கண்ணாடியை இறக்க முடியாது. கண்ணாடி ஏற்றிய காரில் ஐந்து பேரின் மூச்சு. எங்களில் ஒருவருக்கு அறிகுறி இல்லாமல் தொற்று இருந்தால், அந்த அரைமணிப் பயணமே பெரியவருக்கு எமனாகிவிடும். ஏற்றாமல் போனால் நெருப்பு. என் கணவரும் நானும் அன்று இரவு இதையே பேசினோம். கடைசியில் ஆறாம் எண் வீட்டில் தனியாக இருக்கும் இளைஞரின் காரைக் கேட்டோம். அவர் ஓட்ட, பெரியவர் பின்னிருக்கையின் எதிர்மூலையில், இருவரும் நல்ல கவசத்தோடு. செவிலியர் தன் பங்கிலிருந்து இரண்டு என்95 கவசங்களைப் பெரியவருக்காக எடுத்துவைத்தார். அந்த இளைஞரும் மறுநாளிலிருந்து நண்பர்களைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். யாரும் அவரிடம் அப்படிக் கேட்கவில்லை. “ஒருநாள் அவரை ஏற்றவேண்டி வரலாம் அல்லவா?” என்றார்.

சிவப்புக் கயிறு பற்றி இங்கே சொல்ல வேண்டும். 2017 அக்டோபரில் வட கலிஃபோர்னியா எரிந்தபோது மின்சாரம் போனதால், இயந்திரத்தால் திறக்கும் கார் கொட்டகைக் கதவைத் திறக்க முடியாமல் முதியவர்கள் சிக்கி இறந்தார்கள். அதன்பிறகு ஒரு சட்டம் வந்தது. 2019 ஜூலை 1 முதல் இந்த மாநிலத்தில் விற்கும் கொட்டகைக் கதவு இயந்திரங்களில் மின்கலம் இருக்க வேண்டும். பழைய இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு அது பொருந்தாது. பெரியவருடையது பழையது. அப்படிப்பட்ட இயந்திரத்தின் அடியில் ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். அதை இழுத்தால் கதவு இயந்திரத்தின் பிடியிலிருந்து விடுபடும், பிறகு கையால் தூக்கலாம். அவர் அந்தக் கயிற்றை முப்பது ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறார், ஒருமுறையும் இழுத்ததில்லை. இழுக்கச் சொன்னேன். கை எட்டவில்லை. என் மூத்த மகன், கவசத்தோடு, பெரியவரை வாசலில் நிற்கவைத்துவிட்டு ஏணியில் ஏறி அந்தக் கயிற்றோடு இன்னொரு கயிற்றை முடிந்து, நுனியில் ஒரு மரக்கட்டையைக் கட்டிவிட்டான். பெரியவர் வந்து இழுத்தார். ‘டக்’கென்று ஒரு சத்தம். பிறகு இரண்டு கையாலும் கதவை இடுப்பளவு தூக்கி நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

செப்டம்பர் 9 அன்று சூரியன் உதிக்கவில்லை. காலை பத்து மணிக்குச் செம்மஞ்சள் இருட்டு, தெருவிளக்குகள் எரிந்தன. படங்கள் உலகமெல்லாம் போயின. ஆனால் அன்று தரைமட்டக் காற்று அவ்வளவு மோசமில்லை. புகை மேலே போர்வையாக நின்றது. கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரிந்த அடுத்தடுத்த நாள்களில்தான் காற்று உண்மையில் கெட்டது. பயம் தெளிந்து பிள்ளைகளை வெளியே விட்டவர்கள் அந்த நாள்களில்தான் விட்டார்கள். குறியீட்டு எண்ணைத் தெருவுக்கே காலை மாலை அனுப்பும் வேலையை ஒரு பள்ளி மாணவி எடுத்துக்கொண்டாள். இருமல் வந்தால் புகையா தொற்றா என்று பதறுவோருக்குச் செவிலியர் சொன்ன பதில்தான் எல்லோருக்கும் கைகொடுத்தது: தொண்டை எரிச்சலும் இருமலும் இரண்டிலும் வரும், காய்ச்சல் புகையால் வராது.

தெரு ஒன்றுசேர்ந்தால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. நாங்கள் ஜன்னலை அடைத்துக்கொண்டு விசிறி முன்னால் உட்கார்ந்திருந்தபோது, வயல்களில் ஆள்கள் குனிந்து பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். குறியீடு 151ஐத் தொட்டால் திறந்தவெளித் தொழிலாளர்களுக்கு முதலாளி சுவாசக் கவசம் தரவேண்டும் என்று 2019 ஜூலையிலேயே இங்கே விதி வந்துவிட்டது. கவசமே கிடைக்காத ஆண்டில் அந்த விதி எத்தனை பேரைக் காத்திருக்கும்? சோனோமா மாவட்டத்தில் எல்லோரையும் வெளியேறச் சொன்ன பகுதிக்குள் திராட்சை பறிக்க அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள். எனக்கு அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. திராட்சை ஒரு பருவம் போனால் அடுத்த பருவம் வரும். அதே செப்டம்பரில் ஓரிகன் மாநிலத்தில் டேலண்ட், ஃபீனிக்ஸ் என்ற இரண்டு சிற்றூர்களில் சாம்பலானவற்றில் கூலித் தொழிலாளர்கள் குடியிருந்த நகரும் வீட்டுக் குடியிருப்புகளும் இருந்தன. அங்கே பலர் பேசியது ஸ்பானிய மொழி. எச்சரிக்கை அவரவர் மொழியில் போகாவிட்டால், அது எச்சரிக்கையே இல்லை.

புகையும் தொற்றும் தனித்தனிக் கேடு என்று அப்போது நினைத்தோம். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஹார்வர்டு ஆய்வாளர்களின் கட்டுரை வந்தது. 2020 மார்ச் முதல் டிசம்பர் வரை கலிஃபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் காட்டுத்தீப் புகையோடு தொடர்புள்ள கூடுதல் தொற்றுகள் ஏறத்தாழ 19,700, கூடுதல் மரணங்கள் 750 என்று கணக்கிட்டிருந்தார்கள். அதைப் படித்தபோது அந்தத் தேயிலை நிற வடிகட்டிதான் கண்முன் வந்தது. செவிலியருக்கு அந்த விசிறியைச் சில நாள் முன்னதாகவே கொடுத்திருக்கலாமே என்றும் தோன்றியது.

எங்கள் தெருவுக்கு வெளியேறும் ஆணை கடைசிவரை வரவில்லை. வந்தது மின்வெட்டு. அக்டோபர் கடைசி வாரம் காய்ந்த காற்று வேகமெடுத்தது. மின்கம்பி அறுந்து தீப்பற்றக் கூடாது என்று 3 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளை முன்கூட்டியே துண்டித்தார்கள். இரவு எட்டு மணிக்கு விளக்கு போனது. காகிதத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, எனக்கு மனப்பாடம். நான் வாசலுக்கு வருவதற்குள் பதினான்காம் எண் வீட்டுக்காரர் தன் ஜெனரேட்டரைச் சக்கரத்தில் தள்ளிக்கொண்டு பெரியவர் வீட்டுப் பின்புறம் போய்க்கொண்டிருந்தார். அதை வீட்டை விட்டு இருபதடி தள்ளி, காற்றுப் போகும் திசையில் வைத்தோம். அதன் புகை வீட்டுக்குள் போனால் அதுவே உயிரைக் குடிக்கும். நீண்ட மின்கம்பியைப் பின்கதவின் கீழ் விட்டு, கதவிடுக்கைத் துண்டால் அடைத்தோம். உள்ளே செறிவூட்டி ‘உஸ்’ என்று மூச்சுவிடத் தொடங்கியது. பெரியவர் ஜன்னலுக்கு அந்தப்பக்கம் கைவிளக்கைத் தூக்கிக் காட்டினார். பதினேழாம் எண் குடும்பம் அதற்குள் தேறியிருந்தது. அன்று இரவு முறைவைத்து ஜெனரேட்டருக்கு எரிபொருள் ஊற்றியவர்களில் அந்த வீட்டு அப்பாவும் ஒருவர்.

அந்தக் காகிதம் இப்போதும் எங்கள் குளிர்பெட்டிக் கதவில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, மே மாதம், புல் காயத் தொடங்கும்போது புதிதாக எழுதுவோம். அந்த மின்வெட்டுக்கு அடுத்த மே மாதம் ஒன்பதாம் எண் வீட்டுக்குப் புதுக் குடும்பம் வந்திருந்தது, மூன்று மாதக் கைக்குழந்தையோடு. காகிதத்தோடு நான் போவதற்குள் எதிர்வீட்டுப் பெரியவர் தோளில் மாட்டிய சிறு உருளையோடு அவர்கள் வாசலில் நின்றிருந்தார். கொட்டகைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அந்த இளம் அப்பா நிமிர்ந்து பார்த்தபடி கையை நீட்டிக்கொண்டிருக்க, பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார்: “சிவப்பாகத் தொங்குகிறதே, அதுதான். கீழே இழுங்கள். பயப்படாமல் இன்னும் கொஞ்சம் பலமாக.”